பாட்டுப் பாடிய பழைய போன்

அத்தியாயம் 17

போன வாரம் ஊசியக்காவை அடுப்படியில் அப்படியே நிற்க வைத்துவிட்டு நாம் கிளம்பிவிட்டோம். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன், போனுக்குள் நாத்தனார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கவனிக்கிற மாதிரியா இருந்தது நாத்தனார் கேட்ட கேள்வி? "நீங்களும் போய்ச் சேர மாட்டீங்க, என்னையும் விட மாட்டீங்கன்னு எங்க அப்பா மூஞ்சிக்கு நேரா சொன்னியாமே?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள்.

சொன்னது உண்மை. ஒன்பதாம் தேதி மதியம், ஒரே நாளில் மூன்றாவது தடவை படுக்கை விரிப்பை மாற்றிய கையோடு அது வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன மறு நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமனாரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அழவும் செய்தாள். ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர், வாதம் அடித்து வலது கையும் காலும் பேச்சும் போய் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் மாமனார். அப்புறம் யார் போய்ச் சொன்னது? சுவர் எழுந்து போய்ச் சொல்லிற்றா?

வாரம் முழுக்க இந்தக் கேள்வி அவளைத் தின்றது. இதோ வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. இந்த நாளுக்குள் இன்னொரு விஷயமும் முடிந்தாக வேண்டும்.

அவள் பெயர் ஊசியக்கா ஆனதே ரத்தப் பரிசோதனை லேபில்தான். பதினோரு வருடம் அங்கே வேலை. குத்தினதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று, வருகிறவர்கள் வரிசை தாண்டி அவளிடம்தான் கையை நீட்டுவார்கள். மாமனார் படுத்ததும் வேலையை விட்டாள். அப்போது நாத்தனார், அதாவது புருஷன் வயர்மேனின் அக்கா, எல்லாருக்கும் டீச்சர், தம்பி முன்னால் வாக்குக் கொடுத்தாள். "ரெண்டு வருஷம் நீ பாரு. அதுக்கப்புறம் அப்பா என் பொறுப்பு." அந்த இரண்டு வருடம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை லேபில் இடம் காலி. ஊசியக்கா காலண்டரைப் பார்த்துப் பார்த்து நாளை நகர்த்தியவள்.

பத்து மணிக்கு லேபிலிருந்து இன்சார்ஜ் அக்கா கூப்பிட்டாள்.

"அஞ்சு மணிக்கு ஆபீஸ் சாத்திடுவாங்கம்மா. அதுக்குள்ள உன் பழைய சர்ட்டிபிகேட் போட்டோ வந்துடணும். வரலைன்னா புதுப் பொண்ணைப் போட்டுடுவாங்க. இதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாது."

"இன்னைக்கே அனுப்பிடறேன்க்கா."

"வர்றியா இல்லியா, அதைச் சொல்லு முதல்ல."

"வர்றேன்க்கா. அண்ணி ஞாயித்துக்கிழமை மாமாவைக் கூட்டிட்டுப் போறாங்க."

சொல்லிவிட்டுக் காலண்டரை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

சர்ட்டிபிகேட் காகிதத்தைப் பத்திரமாக வைக்கிறேன் என்று வயர்மேன் எங்கேயோ வைத்து வருடக்கணக்காகிவிட்டது. அவர் பத்திரமாக வைத்தால் பிறகு கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. நல்லவேளையாக அவள் அதைத் தன் பழைய போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பழைய போனின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் வயர்மேனின் பிஸ்கட் டப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

வயர்மேன் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் கரண்ட் வேலை பார்க்கிறவர். எதையும் தூக்கிப் போட மனசு வராத ஜென்மம். வீட்டில் யார் போன் செத்தாலும் அது அவர் டப்பாவுக்குள் போகும். பின்பக்கம் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, 'மைக் போச்சு, பேட்டரி நல்லது', 'டச் பாதி வேலை செய்யும்' என்று நோயாளிக்குச் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதி வைப்பார். பதினோரு போன் சேர்ந்துவிட்டது. கடைவீதியில் பழைய போன் போடுவதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் போட்டுவிட்டு வாருங்கள் என்று ஊசியக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

"உள்ள நம்ம போட்டோ இருக்கு, பேசினது எழுதினது எல்லாம் இருக்கு. எவன் கையிலயாவது சிக்கினா மானம் போயிடும்" என்பார்.

"அப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போடுங்க."

"அழிச்சா போட்டோ போயிடுமே."

இந்த மனிதரோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. அழிக்கவும் மாட்டார், கழிக்கவும் மாட்டார்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பழைய போனில் எப்படியெல்லாம் வேலை வாங்கலாம் என்று யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு போன் அடுப்படிக்குக் கடிகாரம் ஆயிற்று. இன்னொன்று மாடிப்படிக்கு விளக்கு. ஊசியக்காவின் பழைய போன், மாமனார் கட்டிலுக்கு எதிரே அலமாரி மேல் போய் நின்றது. "அப்பா பாவம், சும்மா விட்டத்தையே பாத்துட்டுக் கிடக்கார். பாட்டாவது கேக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு ஊசியக்காவின் மனசு உருகிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்தில் அப்பாவுக்காக அந்த மனிதர் தானாக யோசித்துச் செய்த ஒரே காரியம் அது. அன்றைக்கு அவருக்கு ஒரு டீ அதிகமாகவே போட்டுக் கொடுத்தாள்.

இப்போது படத்தை எடுக்க அந்தப் போனை இறக்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் பெயரில் உள்ள அதே கணக்குதான் இந்தப் போனிலும். அதைத் திறந்து தேடினால் போதும். திறந்தாள். முதலில் வந்தது ஓர் எச்சரிக்கை. இடம் நிரம்பிவிட்டது, தேவையில்லாததை நீக்கவும்.

அவள் சேர்த்து வைத்ததே நாற்பது ஐம்பது படம்தான். அதற்குள் என்ன நிரம்பியது என்று எரிச்சலோடு விரலால் தள்ளினாள். வீடியோக்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எல்லாவற்றிலும் ஒரே கட்டில், ஒரே ஜன்னல், ஒரே பெண். அந்தப் பெண்ணின் உச்சந்தலையில் வகிடு நரைத்திருந்தது.

அது தன் வகிடு என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். ஒன்றைத் திறந்தாள். மாமனாருக்குத் துடைத்துவிடுகிறாள். இன்னொன்று. கஞ்சி ஊட்டுகிறாள். இன்னொன்றில் தனியாக நின்று ஏதோ பேசிக்கொண்டே மூக்கைத் துடைக்கிறாள். இன்னொன்றில், மழையில் நனைந்து வந்தவள் மாமனார் தூங்குகிறார் என்ற தைரியத்தில் கதவைச் சாத்திவிட்டு அவசரமாக உடை மாற்றுகிறாள். அதை மூடிவிட்டாள். உடம்பெல்லாம் கூசியது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

அறையில் யாராவது அசைந்தால் தானாகப் படம் பிடித்து வைக்கிற ஏற்பாடு அது. பாட்டு ஒரு பக்கம் ஓடும், கண் ஒரு பக்கம் விழித்திருக்கும். தூரத்தில் இருந்து தானும் அக்காவும் தங்கள் போனில் பார்த்துக்கொள்ள வயர்மேன் வழி செய்திருக்கிறார். எல்லாம் சரியாகச் செய்த மனிதர், போனுக்குள் இருந்த பழசை மட்டும் அழிக்கவில்லை. அவர்தான் எதையும் அழிக்க மாட்டாரே. அதனால் நாலு மாதமாகப் பிடித்த படமெல்லாம் பொண்டாட்டியின் கணக்கிலேயே போய் விழுந்திருக்கிறது. வெளி ஆள் எவனாவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று பதினோரு போனைக் கட்டிக் காத்தவர் செய்த காரியம் இது.

முதல் அதிர்ச்சி அடங்கியதும் அவளுக்குள் இருந்த லேப்காரி விழித்துக்கொண்டாள். தேதி பார்த்து, நேரம் பார்த்து, ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டாள். அறுபதுக்கு மேல் இருந்தது. அத்தனையிலும் அவள், அவள், அவள். அடுத்த வாரமும் அதே. புருஷன் எங்கே என்று தேடினாள்.

நாலு மாதத்தில் வயர்மேன் தனியாக அந்த அறைக்கு வந்தது இரண்டு தடவை. முதல் தடவை, போனைப் பொருத்திய அன்று, அவர் முகம் திரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது தடவை உள்ளே வந்தார், போனை எடுத்தார், சட்டை நுனியால் கேமராவைத் துடைத்தார், திரும்ப வைத்தார், போய்விட்டார். கட்டில் பக்கம் திரும்பவில்லை. கட்டிலில் அப்பா இடது கையைத் தூக்கியது படத்தில் தெரிந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அடுத்த படத்துக்கு விரலைத் தள்ளினாள்.

அப்புறம்தான் மூன்றாம் தேதி வந்தது. பகல் பதினொன்றரை. அந்த நேரத்தில் அவள் மாமனாரின் மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தாள். வயர்மேன் வேலைக்குப் போயிருந்தார். அதாவது, போயிருந்ததாகச் சொன்னார். படத்தில் அவர் இருந்தார். கூட டீச்சர். இரண்டு பேர் கையிலும் ஒரு அளவு டேப். ஒரு நுனி ஜன்னலில், இன்னொரு நுனி கதவில். நடுவில் கட்டில் வழிமறித்ததால் டேப் அப்பாவின் முழங்கால் மேல் கிடந்தது.

"தாராளமா பத்து பென்ச் போடலாம்டா. தெருப் பக்கம் தனிக் கதவு இருக்கு, டியூஷன் பிள்ளைங்க வீட்டுக்குள்ள வராதுங்க" என்றாள் டீச்சர்.

"அப்பாவை என்னக்கா பண்றது?"

"அதுக்கு ஒரு காரணம் வேணும். நம்ம சேத்தோம்னு இருக்கக் கூடாது. பாக்கலாம்."

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

ஊசியக்கா அதை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. ஒரு தடவையே போதுமாக இருந்தது.

மூன்று மணிக்கு டீச்சர் வந்தாள். வயர்மேன் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். அதிலேயே தெரிந்துவிட்டது, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அந்த மனிதர் அரை நாள் லீவு போட்டதில்லை.

டீச்சர் அறை வாசலில் நின்று, கடைசி பென்ச்சுக்கும் கேட்கிற குரலில், "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். பதில் வராது என்று தெரிந்த கேள்விதானே. கதவை ஒப்புக்குச் சாத்திவிட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தாள்.

"உக்காரும்மா. நான் சண்டை போட வரல."

"நிக்கறேன் அண்ணி, பரவால்ல."

"அப்பாவை நான் கூட்டிட்டுப் போறதா சொன்னேன், இல்லன்னு சொல்லல. ஆனா என் வீடு மூணாவது மாடி, லிப்ட் இல்ல. எனக்கு ஸ்கூல், சாயந்திரம் டியூஷன். நீயே சொல்லு, முடியுமா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் அதே மூணாவது மாடிதானே அண்ணி."

டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஊருக்கு வெளியில ஒரு நல்ல முதியோர் இல்லம் இருக்கு. நானும் தம்பியும் போய்ப் பாத்தோம். நர்ஸ் இருக்காங்க, நேரத்துக்குச் சாப்பாடு. ஞாயித்துக்கிழமை அங்க சேத்துடலாம். திங்கக்கிழமை நீ நிம்மதியா உன் வேலைக்குப் போ. உன்னை யாரும் தடுக்கல."

ஊசியக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரிப்பேருக்கு வந்தவர் மாதிரி.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் டீச்சர். "சித்தப்பா வீட்ல கேப்பாங்க. அத்தை கேப்பாங்க. பெத்த பிள்ளைங்க ரெண்டு பேர் இருந்து இல்லத்துல தள்ளிட்டாங்கன்னு பேச்சு வரும். யாராவது கேட்டா, என்னால முடியல, நான்தான் சேக்கச் சொன்னேன்னு நீ சொல்லிடு. மருமக சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

மருமகள் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். மருமகளைத் தவிர வேறு யாரைத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்? ஊசியக்காவுக்குச் சிரிப்புகூட வந்தது.

"நான் அப்படிச் சொல்லலையே அண்ணி."

"இதைச் சொன்னேல்ல" என்று டீச்சர் தன் போனை மேஜை மேல் வைத்துத் தட்டினாள். ஊசியக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. நீங்களும் போய்ச் சேர மாட்டீங்க, என்னையும் விட மாட்டீங்க. தன் குரலில் இவ்வளவு வெறுப்பு இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"இதை இன்னும் யாருக்கும் அனுப்பல" என்றாள் டீச்சர். "அனுப்ப வேண்டிய அவசியமும் வராது, நீ ஒத்துப் போனா."

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அதுவா இப்ப முக்கியம்?"

"எனக்கு அதுதான் முக்கியம். என்னங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

வயர்மேன் மின்விசிறியிலிருந்து இறங்கி வந்தார். "அப்பாவோட பாதுகாப்புக்குத்தான் வச்சேன். அக்காதான் சொல்லுச்சு, தூரத்துல இருந்து பாக்க முடியலைன்னு."

"என்கிட்ட பாட்டுன்னுதானே சொன்னீங்க."

"பாட்டும் பாடுதுல்ல."

இந்தப் பதிலுக்கு என்ன செய்வது? பதினாறு வருடம் கூடப் படுத்து எழுந்த மனிதர்.

"நான் துணி மாத்தினது இருக்கு அதுல. அதையும் பாதுகாப்புக்குத்தான் பாத்தீங்களா?"

"ஐயோ, நான் அதெல்லாம் பாக்கறதே இல்ல. டிங் டிங்னு அடிச்சுத் தலையைத் தின்னுதுன்னு மொதல் வாரமே சத்தத்தை நிறுத்திட்டேன். அக்காதான் பாக்கும்."

டீச்சரின் முகம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. அப்பாவைப் பார்க்கக் கேமரா வைத்த பிள்ளை அப்பாவைப் பார்க்கவே இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அது அவருக்கு உறைத்ததாகவும் தெரியவில்லை.

ஊசியக்கா தன் போனை எடுத்து டீச்சரின் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாம் தேதி. பதினொன்றரை மணி. டேப். தாராளமா பத்து பென்ச் போடலாம்டா.

டீச்சர் பாதியிலேயே கையை நீட்டினாள். ஊசியக்கா கொடுக்கவில்லை. முழுசும் ஓடட்டும் என்று விட்டாள். அப்பாவை என்னக்கா பண்றது. அதுக்கு ஒரு காரணம் வேணும். எல்லாம் ஓடி முடிந்தது.

"உனக்கு எப்படி இது...?"

"உங்க தம்பியைக் கேளுங்க. எதையும் அழிக்க மாட்டார், தெரியுமில்ல. அது என் போன் அண்ணி. நாலு மாசமா எல்லாம் எங்கிட்டதான் வந்து விழுந்திருக்கு."

வயர்மேனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பதினோரு போனில் எதை எதை எப்போது அழிக்காமல் விட்டோம் என்று கணக்குப் போடுகிற முகம்.

"நான் சொன்னது தப்பு" என்றாள் ஊசியக்கா. "யார் கேட்டாலும் சொல்வேன், நான் சொன்னேன்னு. சித்தப்பாவுக்கு நீங்க அனுப்ப வேண்டாம், நானே அனுப்பறேன். கூடவே இதையும் அனுப்பறேன். நீங்க அளந்தது மூணாம் தேதி. நான் வாய் விட்டது ஒன்பதாம் தேதி. ஆறு நாள் முன்னாடியே முடிவு பண்ணிட்டு, பழி போட ஆளைத்தான் தேடியிருக்கீங்க."

"நீ பேசறது ரொம்ப ஓவரா இருக்கு."

"இருக்கட்டும் அண்ணி. ரெண்டு வருஷமா கம்மியாத்தானே பேசினேன்."

டீச்சர் தம்பியைப் பார்த்தாள். தம்பி மேஜையைப் பார்த்தார். ஒப்புக்குச் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன்" என்றாள் ஊசியக்கா. "காலை ஏழிலிருந்து ஒண்ணு வரைக்கும் ஷிப்ட். ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன். என்னங்க, நீங்க மதிய ஷிப்ட் கேட்டு வாங்குங்க. கேட்டா கொடுப்பாங்க, உங்க கூட வேலை பாக்கறவருக்குக் கொடுத்திருக்காங்க. காலையில மாமாவை நீங்க பாருங்க. துடைக்கணும், மாத்தணும், ஊட்டணும். எப்படின்னு தெரியலைன்னா நாலு மாசப் படம் இருக்கு, பாத்துக் கத்துக்குங்க."

"எனக்கு அதெல்லாம் வராது" என்றார் வயர்மேன்.

"எனக்கும் வராமத்தான் இருந்துச்சு."

டீச்சர் விருட்டென்று எழுந்து அறைப் பக்கம் போனாள். "முதல்ல அந்தச் சனியனை எடுத்துக் குப்பையில போடு."

"எடுக்காதீங்க அண்ணி" என்றாள் ஊசியக்கா. "அது அங்கயே இருக்கட்டும். லேப்ல இருந்து நான் பாக்கணும்."

டீச்சர் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

நாலரைக்கு டீச்சர் கிளம்பினாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. வயர்மேன் அவளை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விடக் கூடவே போனார். வீட்டில் இருக்கப் பயந்துதான் போனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊசியக்கா சர்ட்டிபிகேட்டைத் தேடி எடுத்து அனுப்பினாள். இன்சார்ஜ் அக்கா உடனே கூப்பிட்டாள்.

"வந்துடுச்சும்மா. திங்கக்கிழமை ஆறே முக்காலுக்கு இங்க இருக்கணும். ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. ஜலதோஷம்."

போனை வைத்தாள். ஜெயித்துவிட்டாள் என்று சொல்லலாம். அப்படி எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. வேலைக்கு என்ன போட்டுக்கொண்டு போவது, ஆறு மணி பஸ் இன்னும் ஓடுகிறதா என்று ஏதேதோ யோசித்தாள்.

கையில் போன் திறந்தபடியே இருந்தது. வரிசையின் உச்சியில் புதிதாக ஒரு படம் வந்து உட்கார்ந்திருந்தது. நேரம் மூன்று இருபது. முன்னறையில் இவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் அறையில் யார் அசைந்தது?

தொட்டாள். மாமனார்தான். தனியாக. கதவு இடுக்கு வழியே டீச்சரின் குரல் வந்துகொண்டிருந்தது, ஞாயித்துக்கிழமை அங்க சேத்துடலாம் என்று. மாமனார் மெதுவாகத் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினார். உதடு அசைந்தது.

"கதவைச் சாத்துங்க."

ஊசியக்கா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். நாக்கு தடித்த பேச்சு. பாட்டு வேறு குறுக்கே ஓடியது. ஆனால் சந்தேகமே இல்லை. அவர் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் சொன்னார். கதவைச் சாத்துங்க. யாருக்கும் கேட்கக் கூடாது என்று சொல்கிறவர் மாதிரி அவ்வளவு மெதுவாகச் சொன்னார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேச்சு வந்திருக்கிறது. எப்போது வந்தது? போன மாதமா, போன வருடமா? அவள் இந்த அறையில் உட்கார்ந்து தன் சாபம், தன் கோபம், தன் அழுகை எல்லாவற்றையும் கொட்டியபோது இந்த மனிதருக்குப் பேச்சு இருந்ததா? இன்றைக்குத் தன் குரலை மேஜை மேல் போட்டு அவர்கள் ஓட விட்டபோது, இவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டாள் என்று ஒரு வார்த்தை உள்ளேயிருந்து வந்திருக்கலாம். மற்றவர்கள் செய்ததையெல்லாம் தாங்கிக்கொண்ட அவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து நின்று ஓசையில்லாமல் அழுதாள்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. டீச்சர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பாள். கையில் போன் இருக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அலமாரி மேல் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா."

மாமனார் கண்ணைத் திறக்கவில்லை.

"தூங்கற மாதிரி இருக்காதீங்க. நீங்க பேசினதை நான் கேட்டேன். அண்ணியும் கேட்டிருப்பாங்க, இல்ல இன்னும் கொஞ்ச நேரத்துல கேப்பாங்க. ரெண்டு வருஷமா இந்த ரூம்ல நான் மட்டும்தான் பேசிட்டு இருக்கேன். நான் அன்னைக்குச் சொன்னதுக்கு நீங்க என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஏன் மாமா?"

மூடிய இமைக்கு அடியில் விழி உருண்டது. இடது கை விரிப்பின் மேல் தடவிக்கொண்டே வந்து அவள் விரலைப் பிடித்தது. உதடு பிரிந்தது.

"நான்..." என்றார் மாமனார்.

வெளிக் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம், ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி. "அப்பா" என்று கடைசி பென்ச்சுக்கும் கேட்கிற குரலில் டீச்சர் கூப்பிட்டாள்.

மாமனார் அவள் விரலை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.